நீல நிலா எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் அந்தச் சேற்றைக் காட்டிவிடுகிறேன். நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நீலமாக மினுங்கும் நிலாக்கல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது பிறந்து வரும் சேற்றைப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கோ அந்தச் சேற்றின் மேல்தான் கொள்ளை ஆசை!

இலங்கையின் தென்மேற்குக் கரையில், காலி மாவட்டத்தில், மர முகமூடிகளுக்குப் பேர்போன ஊர் அம்பலாங்கொடை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் மீட்டியாகொடை. வழியெல்லாம் கறுவாத் தோட்டங்களும் ரப்பர் மரங்களும். உலகத்தின் மிகச் சிறந்த நீல நிலாக்கற்கள் இந்தச் சிறிய ஊரின் மண்ணுக்கு அடியிலிருந்துதான் வந்தன என்று ரத்தினக்கல் வியாபாரிகள் இன்றும் சொல்வார்கள். 

ஆனால் ஊருக்குள் போனால் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஒரு வீட்டுக் கொல்லை, அதில் ஓலைக் கூரை போட்ட ஒரு குழி, பக்கத்தில் விடாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு நீர்ப் பம்பு, அவ்வளவுதான். கடலோரம் என்பதால் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றால் வேலையும் நின்றுவிடும். குழியின் பக்கச் சுவர் சரியாமலிருக்க மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக்கொடுத்து, கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே பெரணித் தழைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். பச்சைத் தழை மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை மட்டும் கசியவிடும். இயந்திரம் வந்த காலத்திலும் இந்தத் தழைக்கு மாற்று வரவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

கீழே ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார். மேலே இருவர் உருளையைச் சுற்றுகிறார்கள். கயிறு இறுகுகிறது, கூடை ஏறி வருகிறது. கூடைக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு களிமண்!

இந்த வெள்ளைதான் முதல் ரகசியம். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கமும் நீலமும் தேடுகிறவர்கள் ஆற்றுச் சரளையைத் தோண்டுவார்கள். எங்கோ மலையில் பிறந்த கல் ஆற்றோடு உருண்டு வந்து அங்கே படுத்திருக்கும். மீட்டியாகொடையில் கதை வேறு. இங்கே கல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு, பாறைப் பிளவுகளுக்குள் புகுந்து ஆறி இறுகியபோது பெரிய பெரிய படிகங்கள் உருவாகின. பெக்மடைட் என்பார்கள் அந்தப் பாறையை. அதில் பெரும் பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். பிறகு மழையும் மண்ணின் அமிலநீரும் ஆண்டாண்டு காலமாக ஊறி அந்தப் பாறையை அரித்தன. ஃபெல்ட்ஸ்பார் அரித்துப் போனால் என்ன ஆகும் தெரியுமா? பீங்கான் செய்கிற அந்த வெள்ளைக் களிமண், கயோலின் ஆகும். மீட்டியாகொடையில் கயோலினையும் தனியாக வெட்டி எடுக்கிறார்கள்.

அதாவது, கூடையில் ஏறி வந்த சேறும் ஒரு காலத்தில் ஃபெல்ட்ஸ்பார்தான். கூடப் பிறந்ததெல்லாம் கரைந்து சேறாகிவிட, எப்படியோ தப்பிப் பிழைத்த துண்டுகள்தான் நிலாக்கற்கள்! இது தெரிந்த பிறகு அந்தச் சேற்றை யாராவது அலட்சியமாக மிதித்தால் எனக்குப் பதறுகிறது.

கூடையைத் தண்ணீரில் அமிழ்த்திச் சுழற்றி அரிக்கிறார்கள். வெள்ளை கரைந்து ஓடுகிறது. அடியில் மங்கலான, அழுக்கேறிய, மூலைகள் உடைந்த துண்டுகள் தங்குகின்றன. தெருவில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். நல்ல நீலக் கல் கிடைப்பது இன்று அரிது. பல காலம் தோண்டித் தோண்டி நல்ல இடங்கள் தீர்ந்துவிட்டன. சுற்றுலாக்காரர்களுக்கு வேடிக்கை காட்டவென்றே திறந்து வைத்திருக்கும் குழிகளும் உண்டு. உரிமம் பெற்றுத்தான் தோண்ட வேண்டும், தோண்டி முடித்ததும் குழியை மூட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

சரி, அந்த அழுக்குத் துண்டோடு பேருவளைக்கு வாருங்கள். கொழும்புக்கும் காலிக்கும் நடுவே உள்ள இந்தக் கடற்கரை ஊர், ரத்தினக்கல் வியாபாரத்தின் பெரிய சந்தை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் தீட்டியும் விற்றும் வரும் ஊர். தெருவிலேயே நின்று காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, சூரிய வெளிச்சத்தில் கல்லைப் பிடித்துப் பார்த்துப் பேரம் பேசுகிறார்கள். கல்லைப் பார்க்கிற கண்கள் ஒவ்வொன்றும் சுருங்கி விரியும் அழகே தனி!

பட்டை தீட்டும் ஒரு சின்னப் பட்டறையில் பெரியவர் ஒருவர் துண்டு ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்தார். நனைந்ததும் சொரசொரப்பான மேல்தோல் மறைந்து, உள்ளே ஓரளவு தெளிவாகிறது. நான் ஆவலாகப் பார்த்தேன். சாம்பல் நிறம்தான்.

"நானா, இதுக்குள்ள ஒண்ணுமே தெரியலையே?"

"அவசரப்படாதீங்க தம்பி. ஒத்தை வெளிச்சத்துக்குக் கீழ வச்சு மெதுவாத் திருப்புங்க. நிலா எங்க படுத்திருக்குது எண்டு கல்லுதான் சொல்லும். நாங்க சொல்ல ஏலாது."

திருப்பினேன். இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. இன்னும் ஒரு நூலிழை. அப்போது சட்டென்று கல்லின் ஆழத்திலிருந்து ஒரு நீலம் எழுந்து வந்தது! மேற்பரப்பில் ஒட்டிய பளபளப்பு அல்ல. உள்ளேயிருந்து மிதந்து மேலேறிய ஒளி. இன்னும் ஒரு நூலிழை திருப்பினால் போயே போய்விட்டது. "பார்த்தேன், பார்த்தேன்!" என்று நான் கத்தியதைக் கேட்டுப் பட்டறையே சிரித்தது.

அந்த ஒரு கோணம்தான் கல் தீட்டுகிறவரின் முழுச் சொத்து. கல்லுக்குள் ஒளி எழுகிற தளம் ஒன்றே ஒன்று. கல்லின் தட்டையான அடிப்பாகம் அந்தத் தளத்தோடு ஒத்துப்போகும்படி அறுத்தால், கவிழ்ந்த குமிழ் வடிவில் தீட்டிய கல்லின் நட்ட நடுவில் நிலா வந்து நிற்கும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் நிலா ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். குமிழ் உயரமாக இருந்தால் ஒளி குவிந்து ஒடுங்கும். சில கற்களில் பூனைக்கண் போல ஒரு கோடாகவே நிற்கும். தட்டையாக இருந்தால் பரவி நீர்த்துவிடும்.

வேதனை என்னவென்றால், கல்லின் வடிவம் ஒன்று சொல்லும், ஒளித்தளம் வேறொன்று சொல்லும். ஒளிக்காக அறுத்தால் பாதிக் கல் தூளாகப் போகலாம். எடைக்குத்தானே விலை என்று கல்லைக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தீட்டிய கல்லில் நிலா ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டு நிற்கும். பெரிய கல்லில் ஓரத்து நிலாவா, சின்னக் கல்லில் நடுநிலாவா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சின்னதைத்தான் எடுப்பேன்.

அறுப்பதிலும் நிம்மதி கிடையாது. ஃபெல்ட்ஸ்பாருக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு திசைகளில் சுலபமாகப் பிளக்கும் குணம் உண்டு. கடினத்தன்மை ஆறு முதல் ஆறரைதான், மாணிக்கத்துக்கு ஒன்பது. அரக்கை உருக்கிக் குச்சி முனையில் கல்லை ஒட்டும்போதே சூடு கூடினால் விரிசல் விடலாம். சக்கரத்தில் அழுத்தம் கூடினாலும் அப்படித்தான். அதனால் பெரியவரின் விரல்கள் கல்லைச் சக்கரத்தில் வைப்பதே தெரியாது; தொட்டுத் தொட்டு எடுக்கிறார், நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குகிறார், துடைக்கிறார், விளக்குக்குக் காட்டுகிறார், மறுபடி தொடுகிறார். வீட்டில் நிலாக்கல் நகை வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: அதிர்வலையில் நகை கழுவும் கருவியில் இதைப் போடவே கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

இனி நாம் கல்லுக்குள்ளேயே நுழைவோம். உண்மையான திரைமறைவு அங்கேதான் இருக்கிறது!

அந்த நீலத்துக்கு உள்ளே நீலச் சாயம் எதுவும் கிடையாது. மாணிக்கத்தின் சிவப்புக்குக் குரோமியம் காரணம். நீலக்கல்லின் நிறத்துக்கு இரும்பும் டைட்டானியமும் காரணம். நிலாக்கல்லில் அப்படி நிறம் கொடுக்கும் பொருளே இல்லை. அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்து கட்டிய ஒரு சட்டகம். அந்தச் சட்டகத்தின் இடைவெளிகளில் பொட்டாசியமும் சோடியமும். அவ்வளவே.

கொதிக்கும் சூட்டில் இந்தப் பொட்டாசியமும் சோடியமும் எந்த வித்தியாசமும் பார்க்காமல் ஒரே படிகத்துக்குள் கலந்து உட்கார்ந்திருக்கும். சூட்டில் சட்டகம் விரிந்து கொடுப்பதால் பெரிய பொட்டாசியத்துக்கும் இடம், சிறிய சோடியத்துக்கும் இடம். ஆறத் தொடங்கியதும் சட்டகம் இறுகுகிறது. இனி இருவரும் ஒரே அறையில் இருக்க முடியாது. தேங்காய்ப் பாலைக் குளிரில் வைத்தால் கொழுப்பு தனியே திரண்டு மேலே நிற்குமே, அப்படிப் பிரியத் தொடங்குகிறார்கள். ஆனால் இது திடமான கல்! நீந்திப் போக வழி இல்லை. அணு அணுவாக இடம் மாறித்தான் பிரிய வேண்டும். பொட்டாசியம் ஓர் அடுக்கு, சோடியம் ஓர் அடுக்கு, மறுபடி பொட்டாசியம் என்று கல் முழுக்க மெல்லிய அடுக்குகள் உண்டாகின்றன. பொட்டாசிய அடுக்குக்கு ஆர்த்தோகிளேஸ் என்று பெயர், சோடிய அடுக்குக்கு அல்பைட். என்னைக் கிறங்கடிக்கும் விஷயம் இதுதான்: இவ்வளவு பிரிவினை நடந்தும் அந்தச் சிலிக்கான் சட்டகம் அறுந்து போவதில்லை. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தொடர்ச்சியாகவே ஓடுகிறது.

ஓர் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகளை அடுக்கலாம். ஒளியின் அலைநீளத்தோடு போட்டி போடும் அளவு அது. ஆகவே உள்ளே நுழையும் ஒளி ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சம் சிதறித் திரும்புகிறது. அடுக்குகள் மிக மெல்லியவை என்றால் நீலம் அதிகமாகத் திரும்பி வரும். தடித்துவிட்டால் எல்லா நிறமும் சேர்ந்து வெண்மையாக வரும். மீட்டியாகொடைக் கல்லின் நீலத்துக்கும் சாதாரண நிலாக்கல்லின் பால்வெண்மைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் அடுக்குத் தடிமன்!

அந்தத் தடிமனைத் தீர்மானிப்பது, கல் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஆறியது என்பது. எரிமலைக் குழம்பு போல மளமளவென்று ஆறினால் பிரிய நேரமே கிடைக்காது. கல் கலந்தபடியே உறைந்துவிடும், மினுக்கம் இருக்காது. ரொம்பவும் நிதானமாக ஆறினால் அடுக்குகள் தடித்துக் கண்ணுக்கே தெரியும் வரிகளாகிவிடும். வீட்டுத் தரையில் பதித்த சில கிரானைட் பலகைகளில் இளஞ்சிவப்புப் படிகத்துக்குள் வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படி முற்றிப்போன பிரிவினைதான். இந்த இரண்டுக்கும் நடுவே, மிகச் சரியான வேகத்தில் ஆறிய கல்லுக்கு மட்டுமே நிலா வாய்க்கிறது. பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். அவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு அரிய கல்லாவதற்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை, சரியான வேகத்தில் ஆறியதே போதும்!

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எட்மண்ட்சன் ஸ்பென்சர் என்ற ஆய்வாளர் இலங்கை நிலாக்கற்களை எடுத்துச் சூடேற்றி ஆராய்ந்து 1930-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். போதுமான சூட்டில் வைத்திருந்தால் பிரிந்த அடுக்குகள் மறுபடி கலந்துவிடும், மினுக்கம் மறைந்துவிடும். பாவம் அந்தக் கற்கள் என்று மனம் அடித்துக்கொண்டாலும், இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா?

அடுத்த பெயரைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். சர் சி. வி. ராமன்! திருச்சியில் பிறந்து, ஒளிச் சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கிய அதே ராமன். வைரம், ஓப்பல், முத்து என்று மினுங்கும் எதைக் கண்டாலும் விடமாட்டார். தம் சொந்தச் சேகரிப்பில் கற்களைக் குவித்து வைத்திருந்தார். 1948-ல் பெங்களூரில் தம் பெயரால் ஆய்வு நிலையம் தொடங்கியதும் ஃபெல்ட்ஸ்பார்களின் பக்கம் திரும்பினார். 1950-ல் ஏ. ஜெயராமன், டி. கே. சீனிவாசன் ஆகியோரோடு சேர்ந்து இலங்கை நிலாக்கற்களின் அமைப்பையும் ஒளிக்குணத்தையும் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரே சீரான படிகமாகத் தெரிவது உண்மையில் சீரானது அல்ல, உள்ளுக்குள் பிரிந்து கிடக்கும் பகுதிகள்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அவர்கள் பார்வை. பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்து அந்த அடுக்குகளைப் படமாகவே பிடித்துக் காட்டியது. அந்த ஜெயராமன் பிற்காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உயர் அழுத்த இயற்பியலில் பெரிய பெயர் எடுத்தார்.

இன்னொரு திரைமறைவுக் காட்சி. ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியில் இலங்கை நிலாக்கல்லைப் பாருங்கள். நடுவே ஒரு கோடு, இருபுறமும் குட்டிக் குட்டிக் கால்கள். பூரான்! வியாபாரிகளே அப்படித்தான் சொல்கிறார்கள். அடுக்குகள் பிரியும்போது உண்டான இழுபறியில் விழுந்த நுண் விரிசல்கள் அவை. கடைக்காரர் குறை என்று விலையைக் குறைப்பார். எனக்குப் பூரான் இருக்கும் கல்தான் வேண்டும். ஏனென்றால் நிலாக்கல் என்று தலையில் கட்டும் ஓப்பலைட் என்ற கண்ணாடியில் பூரானைப் பார்க்கவே முடியாது. கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு: கண்ணாடி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி நீலமாகவே இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும். நிலாக்கல் அப்படியல்ல. ஒரு கோணத்தில் வரும், மறுகோணத்தில் போய்விடும்.

நிலாக்கல்லின் உறவினர்களையும் ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம். கனடாவின் லாப்ரடார் கரையில் 1770 வாக்கில் மொரேவிய சமயப் பரப்பாளர்கள் கண்டு சொன்ன லாப்ரடோரைட். சாம்பல் கல்லைத் திருப்பினால் மயில் கழுத்து நிறங்கள் தெறிக்கும். கடைகளில் வானவில் நிலாக்கல் என்று விற்பது உண்மையில் இதன் வெளிறிய வகை. பின்லாந்தில் 1940-ல், போர்க்கால அரண் கட்டப் பாறை உடைத்த இடத்தில் லாப்ரடோரைட்டின் ஆகச் சிறந்த வகை கிடைத்தது. அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்துச் சூரியக்கல்லில் மினுங்குவது உள்ளே மிதக்கும் செம்புத் தகடுகள். நார்வேயின் லார்விகைட்டை நீங்களே தொட்டிருப்பீர்கள். 'ப்ளூ பேர்ல்' என்ற பெயரில் கடை முகப்புகளிலும் மேசைகளிலும் பதிக்கிறார்களே, நடந்துபோகும்போது நீலப் பொறி பறக்குமே, அதுவும் ஃபெல்ட்ஸ்பார்தான்.

நம் பக்கமும் நிலாக்கல் உண்டு. காங்கேயம், கரூர் வட்டாரத்துக் காட்டு மண்ணில் அக்குவாமரினோடு நிலாக்கல்லும் கிடைக்கிறது. சாம்பல், பழுப்பு, ஆரஞ்சுச் சாயல் என்று நிறங்களில் இலங்கைக் கல்லிலிருந்து மாறுபட்டது. கோண்டுவானா என்ற பெருநிலத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒட்டிக் கிடந்த காலத்தின் பாறைகள்தான் இரு கரையிலும். நீலம் மட்டும்தான் உயர்வு என்ற எண்ணத்தில் காங்கேயத்துக் கல்லை ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மண் நிறக் கல்லுக்குள் வெள்ளி எழும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்!

கடைசியாக, பெயரிலுள்ள நிலாவுக்கே போவோம். 1970-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், சந்திரப் பயணங்களைக் கொண்டாட நிலாக்கல்லைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது. அந்தக் கல் ஃப்ளோரிடாவிலும் இயற்கையாகக் கிடையாது, சந்திரனிலும் கிடையாது. ஆனால் ஃபெல்ட்ஸ்பார் சந்திரனில் இருக்கிறது, கொட்டிக் கிடக்கிறது! பௌர்ணமியன்று நாம் பார்க்கும் வெளிச்சமான பகுதிகள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற வெளிர் பாறை. அதில் பெரும்பங்கு கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார். அடுக்கு பிரிந்த மினுக்கம் அதில் இல்லை என்றாலும் நிலாக்கல்லுக்குச் சொந்தக்காரப் பாறைதான்.

அதே அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் இருக்கிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கச் செயற்கைச் சந்திர மண் வேண்டியிருந்தபோது, இஸ்ரோ அந்தக் கிராமங்களின் பாறையைத்தான் பொடித்து பெங்களூருக்குக் கொண்டுபோனது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. பிரக்யான் ஊர்தி போகிற வழியில் 23 இடங்களில் நின்று நின்று மண்ணை அளந்தது. 2024-ல் முடிவு வெளியானது: அங்கே கிடப்பதும் அனார்த்தோசைட் மண்ணேதான்!